பிராங்பர்ட்டில் ஒரு தீர்ப்பு (உருவும் வணக்கமும் – 9)

794ஆம் ஆண்டின் கோடைக்காலம். மைன் ஆற்றங்கரையில் இருந்த பிராங்பர்ட் அன்று பெருநகரம் அல்ல; அரசர் சார்லமேன் அவ்வப்போது வந்து தங்கும் இடங்களில் ஒன்று. அங்கே பிராங்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆயர்கள் வந்து கூடியிருந்தார்கள். ரோமாபுரியிலிருந்து திருத்தந்தையின் தூதர்களாகத் தியோபிலாக்ட், ஸ்டீபன் என்ற இருவர் வந்திருந்தார்கள். அந்தச் சங்கம் 56 விதிகளை இயற்றியது. தானியத்தை எந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பதுகூட அவற்றில் உண்டு. முதல் விதி, ஸ்பெயினில் கிளம்பிய ஒரு கிறிஸ்தியல் கொள்கையைக் கண்டித்தது. இரண்டாவது விதிதான் நம் தொடருக்கு உரியது.

கிரேக்கர்கள் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு சங்கம் கூட்டியிருக்கிறார்கள். திரித்துவக் கடவுளுக்குச் செய்யும் அதே ஊழியத்தையும் அதே ஆராதனையையும் புனிதர்களின் படங்களுக்கும் செய்யாதவர் சபிக்கப்பட்டவர் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே கூடியுள்ள ஆயர்கள் அனைவரும் ஒருமனதாக அதை வெறுத்து ஒதுக்குகிறார்கள். விதியின் சாரம் இவ்வளவுதான்.

அப்படி எழுதியவர் எவரும் இல்லை. எழுதப்பட்டது அதற்கு நேர் எதிரானது.

போன பகுதியில் 754ஆம் ஆண்டின் ஹியெரியா சங்கத்தைப் பார்த்தோம். பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் கூட்டிய அந்தச் சங்கத்தில் 338 ஆயர்கள் அமர்ந்து, படங்களை வணங்கும் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு கடுமையான முடிவுக்கு வந்தார்கள். சாத்தான் பழைய விக்கிரக ஆராதனையைக் கிறிஸ்தவ வேடம் போட்டுத் திருச்சபைக்குள் திரும்பக் கொண்டுவந்துவிட்டான் என்றார்கள். அந்தத் தீர்ப்பின் கூர்மை எங்கே இருக்கிறதென்று கவனிக்க வேண்டும். படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றும் பெண் கிறிஸ்துவைத்தான் நினைக்கிறாள், கிறிஸ்துவுக்காகத்தான் அழுகிறாள் என்பதை அந்த ஆயர்கள் அறியாதவர்கள் அல்லர். அது போதாது என்பதே அவர்கள் கட்சி. சீனாய் மலையடியில் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வைத்த ஆரோன், அந்நிய தெய்வத்தின் பெயரைச் சொல்லி விழாவை அறிவிக்கவில்லை. இஸ்ரயேலின் ஆண்டவருக்கே விழா என்றுதான் அறிவித்தான். பெயர் சரியாக இருந்தது, நோக்கமும் சரியாக இருந்திருக்கலாம். அப்படியும் அது பாவமாகவே எழுதப்பட்டது. மனம் சுத்தமாக இருந்துவிட்டால் வழிபாடு சுத்தமாகிவிடுமா? இந்தத் தொடர் முழுக்க நம்மை விடாமல் துரத்தும் கேள்வி இதுதான்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 787இல், பேரரசி ஐரீனின் ஆதரவோடு மறுபடி ஆயர்கள் கூடினார்கள். முந்தைய ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் கூட முயன்றபோது, பழைய பேரரசரின் கொள்கையில் ஊறிய படைவீரர்கள் வாளோடு உள்ளே புகுந்து கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். அதனால் இம்முறை நைசியா. இன்றைய துருக்கியின் இஸ்னிக். தலைமை ஏற்று நடத்தியவர் மறைமுதுவர் தாரசியூஸ். செப்டம்பர் 24 முதல் ஏழு அமர்வுகள் அங்கே நடந்தன. எட்டாவதும் கடைசியுமான அமர்வு மட்டும் தலைநகரின் மக்னவுரா அரண்மனையில் நடந்தது. பிராங்பர்ட் ஆயர்கள் ஊர்ப்பெயரைப் பிழையாக எழுதியதற்கு இந்தக் கடைசி அமர்வு காரணமாக இருக்கலாம்.

நைசியாவின் நடவடிக்கைக் குறிப்புகளில் என் மனத்தைப் பிடித்துக்கொண்ட காட்சி ஒன்று உண்டு. 754இன் சங்கத்தில் முன்னணியில் நின்ற ஆயர்களில் நியோசிசேரியாவின் கிரகோரி ஒருவர். அவர் இப்போது மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்திருந்தார். ஆறாவது அமர்வில் ஹியெரியாவின் தீர்மானத்தைப் பத்தி பத்தியாக மறுத்தார்கள். மறுக்கப்பட வேண்டிய பகுதிகளை உரக்க வாசிக்கும் வேலை அவருக்கே கொடுக்கப்பட்டது. தான் நம்பிக் கையொப்பமிட்டதைத் தன் குரலிலேயே வாசிப்பார். ஒவ்வொரு பத்திக்கும் எதிராளியின் மறுப்பு எழும். அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த பத்திக்குப் போவார். அவருடைய அந்நாளைய நம்பிக்கை பொய்யானதென்று நான் நினைக்கவில்லை. படங்களை வணங்கியவர்களைப் போலவே உடைத்தவர்களும் கடவுளுக்காகவே உடைத்தார்கள்.

நைசியாவின் முடிவு இரண்டு கிரேக்கச் சொற்களின் மேல் நின்றது. லத்ரேயா என்பது கடவுள் ஒருவருக்கே உரிய ஆராதனை. புரொஸ்கினேசிஸ் என்பது தலை தாழ்த்துவது, முத்தமிடுவது, விழுந்து பணிவது. அரசருக்கும் செய்யலாம், தகப்பனுக்கும் செய்யலாம், நற்செய்தி நூலுக்கும் சிலுவைக்கும் செய்யலாம். படங்களுக்கு மரியாதையான புரொஸ்கினேசிஸ் உண்டு, லத்ரேயா இல்லை என்று ஆயர்கள் தீர்மானித்தார்கள். படத்துக்குச் செய்யும் மரியாதை படத்திலேயே தங்கிவிடாமல் அதில் தீட்டப்பட்டவரிடம் போய்ச் சேர்கிறது. இந்தப் பிரிவினையைப் படங்களுக்காக வாதாடுவதற்கென்று கூர்தீட்டி வைத்தவர் தமஸ்கு யோவான். முஸ்லிம் கலீபாக்களின் ஆட்சியில் வாழ்ந்ததால் பேரரசரின் கை எட்டாத துறவி அவர்.

தமிழருக்கு இதை விளக்குவது எளிது, கடினமும்கூட. கோயிலில் சாமி கும்பிடுகிறோம். ‘கும்பிடுறேன் ஐயா’ என்று பெரியவர்களையும் கும்பிடுகிறோம். கை குவிவதும் ஒன்றுதான், தலை தாழ்வதும் ஒன்றுதான். மணமக்கள் தாத்தாவின் காலில் விழும்போது அவரைக் கடவுளாக்கிவிட்டார்கள் என்று ஒருவரும் பதறுவதில்லை. தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் பேச்சிலேயே நைசியாவின் பிரிவினையை வைத்திருக்கிறார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம். மே மாதம் மாதாவின் வணக்கமாதம். அதை ஆராதனை மாதம் என்று யாரும் சொல்வதில்லை. பீடத்தில் நிற்பது சுரூபம். விவிலியம் கண்டிக்கும் பொருளைப் பேசும்போது அதே வாய் விக்கிரகம் என்கிறது. விக்கிரகம் என்ற சொல்லுக்கு இந்துக்களிடம் இழிபொருள் எதுவும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடரில் அது கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் ஒருவர்மேல் ஒருவர் சுமத்திய குற்றச்சாட்டின் பெயராக மட்டுமே வருகிறது.

வணக்கத்துக்கும் ஆராதனைக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழியில் இவ்வளவையும் பெயர்த்தால் என்ன ஆகும்? இலத்தீனில் அதுதான் நடந்தது.

நைசியாவின் நடவடிக்கைகள் ரோமுக்கு வந்தன. திருத்தந்தை முதலாம் ஏட்ரியனுடைய அலுவலர் யாரோ அவற்றை இலத்தீனில் பெயர்த்தார்கள். சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பு அது. புரொஸ்கினேசிஸ் வரும் இடமெல்லாம் அதொராத்சியோ. அந்தச் சொல்லோ இலத்தீன் கிறிஸ்தவன் காதில் கடவுளுக்குரிய ஆராதனையாகவே ஒலித்தது. படங்களுக்கு ஆராதனை உண்டு என்று முந்நூறுக்கும் மேற்பட்ட ஆயர்கள் அறிவித்துவிட்டதாக இலத்தீன் வாசகன் படித்தான்.

அதைவிடப் பெரிய விபத்து மூன்றாவது அமர்வில் நேர்ந்தது. சைப்ரஸ் தீவில் கான்ஸ்டான்சியா என்ற ஊரின் ஆயர் கான்ஸ்டன்டைன் எழுந்து தன் சம்மதத்தைத் தெரிவித்தார். திருவுருவங்களை மரியாதையோடு ஏற்றுத் தழுவிக்கொள்கிறேன், லத்ரேயா என்னும் வணக்கத்தையோ உயிரளிக்கும் திரித்துவத்துக்கு மட்டுமே செலுத்துகிறேன் என்பது அவர் கிரேக்கத்தில் சொன்னதன் பொருள். இலத்தீன் பெயர்ப்பில் வாக்கியத்தின் நடு மடங்கிவிட்டது. திரித்துவத்துக்குச் செலுத்தும் அதே ஆராதனையோடு திருவுருவங்களை ஏற்றுத் தழுவுகிறேன் என்று ஆகிவிட்டது. ‘மட்டும்’ என்ற சொல் விழுந்துவிட்டது. பிராங்பர்ட்டின் இரண்டாவது விதி கண்டித்தது இந்த வாக்கியத்தைத்தான். எந்தத் தவறைச் செய்யமாட்டேன் என்று ஓர் ஆயர் எழுந்து நின்று உறுதி சொன்னாரோ, அந்தத் தவறுக்காகவே வேறொரு நாட்டில் அவர் கண்டிக்கப்பட்டார்.

பிராங்குகளுக்கு வேறு மனக்குறைகளும் இருந்தன. பொதுச்சங்கம் என்று பெயர் வைத்துவிட்டுத் தங்களை அழைக்கவே இல்லை. சார்லமேனின் மகள் ரோத்ருடுக்கும் ஐரீனின் மகனுக்கும் 781இல் நிச்சயமான திருமணப் பேச்சு அதே காலத்தில் முறிந்தது. தென் இத்தாலியில் இரு படைகளும் மோதின. ஆனால் இந்தக் கோபம் மட்டுமே எல்லாவற்றையும் எழுதவைத்தது என்று சொல்லிவிட்டால், தெயோதுல்ஃபுக்கு நாம் அநீதி செய்தவர்கள் ஆவோம்.

தெயோதுல்ஃபு ஸ்பெயினிலிருந்து வந்த விசிகோத்து இனத்து அறிஞர். பின்னாளில் ஓர்லெயான் ஆயர். நைசியாவை மறுத்து அரசர் பெயரில் நான்கு பாகங்கள், 120 அதிகாரங்கள் கொண்ட ஒரு பெருநூலை எழுதியவர் அவரே. நூலில் அவர் பெயர் இல்லை. திருப்பாடல்களை அவர் மேற்கோள் காட்டும் விதம் ஸ்பெயின் நாட்டு வழிபாட்டு மரபின்படி இருப்பதைக் கண்டு, கடந்த நூற்றாண்டில் ஆன் ஃப்ரீமன் என்ற ஆய்வாளர் அவரை இனம் கண்டார். அதன் மூலப்படி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. ஓரங்களில் சுருக்கெழுத்தில் ‘நன்று’, ‘மிக நன்று’ என்ற வகையில் சிறு குறிப்புகள் காணப்படுகின்றன. நூலை வாசித்துக் காட்டியபோது சார்லமேன் வாயிலிருந்து வந்த பாராட்டுகள் அவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஐரோப்பாவின் பாதியை ஆண்ட மனிதர் இறையியல் வாதத்தை அதிகாரம் அதிகாரமாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

அந்த நூலில் ஒரு கதை உண்டு. படங்களை வணங்கும் ஒருவனிடம் இரண்டு அழகிய பெண்களின் ஓவியங்கள் கிடைக்கின்றன. எதிலும் பெயர் இல்லை. அவன் இரண்டையும் ஒருபக்கம் போட்டுவிடுகிறான். அவற்றில் ஒன்று கன்னி மரியா, அதைத் தூக்கி எறியலாகாது. மற்றது வீனஸ், அதை வைத்திருக்கலாகாது என்கிறார்கள். எது எது என்று தெரியாமல் அவன் ஓவியனிடம் ஓடுகிறான். ஓவியன் ஒன்றின் கீழ் மரியா என்றும் மற்றதன் கீழ் வீனஸ் என்றும் எழுதிக் கொடுக்கிறான். முதலாவது உயரத்தில் ஏறுகிறது, முத்தம் பெறுகிறது. இரண்டாவது சாபத்தோடு குப்பைக்குப் போகிறது. இரண்டிலும் ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே பலகை. வேறுபட்டது எழுத்து மட்டும். அப்படியானால் நீ முத்தமிட்டது எதை என்று தெயோதுல்ஃபு கேட்கிறார்.

மொழிபெயர்ப்புப் பிழையைத் திருத்திவிட்டால் இந்தக் கேள்வி செத்துப்போய்விடாது. அதனால்தான் பிராங்குகளின் கதையை வெறும் பிழைக் கதையாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. இன்னோர் இடத்தில் அவர் மேலும் ஆழமாகப் போகிறார். படிப்பறிவுள்ளவர் படத்தைத் தாண்டி அது குறிப்பவரை வணங்கிக்கொள்ளலாம்; எழுத்தறியாத எளியவரோ கண்ணில் படுவதையே வணங்கிவிட்டு அங்கேயே நின்றுவிடுவார், அவர் இடறி விழுவதற்கு யார் பொறுப்பு என்கிறார். மேய்ப்பனுக்குரிய கவலைதான் இது. ஆனாலும் இந்த இடத்தில் நான் அவரோடு உடன்பட முடியவில்லை. எழுத்தறியாதவர் எங்கே நின்றுவிடுகிறார் என்பது தெயோதுல்ஃபுக்கு எப்படித் தெரியும்? படம் போட்டவனின் எழுத்தை நம்பும் படித்தவனைக் காட்டிலும், நோயாளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படத்தின் முன் நிற்கும் தாய்க்குத் தான் யாரோடு பேசுகிறோம் என்பது நன்றாகவே தெரிந்திருக்கும். அவளிடம் கேட்டுப் பார்த்ததாக நூலில் எங்கும் இல்லை.

பிராங்குகள் படங்களை உடைத்தவர்கள் அல்லர் என்பதும் முக்கியம். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன், மார்சே நகரின் ஆயர் செரெனுஸ் தன் கோயிலில் படங்களை உடைத்தபோது, திருத்தந்தை பெரிய கிரகோரி அவருக்கு 599லும் 600லும் எழுதிய கடிதங்களை முன்பே பார்த்தோம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படமே ஏடு. அதை ஆராதிக்கவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம் என்பது கிரகோரியின் நடுவழி. பிராங்குகள் அதையே பற்றிக்கொண்டார்கள். சிலுவை, புனிதர்களின் எலும்புகள், திருப்பாத்திரங்கள், கடவுளே செய்யச் சொன்ன உடன்படிக்கைப் பேழை ஆகியவற்றுக்குத் தெயோதுல்ஃபு புனிதத்தை மறுக்கவில்லை. மனிதன் தீட்டிய முகத்துக்கு மட்டுமே மறுத்தார். ஓர்லெயானுக்கு அருகில் ஜெர்மினி-டே-ப்ரே என்ற ஊரில் அவர் கட்டிய சிறு ஆலயம் இன்றும் இருக்கிறது. அதன் பீடத்துக்கு மேல் வளைவில் கிறிஸ்துவும் இல்லை, மரியாவும் இல்லை. தங்க மின்னலுக்கு நடுவே வானதூதர்கள் சூழ்ந்த உடன்படிக்கைப் பேழை இருக்கிறது. நாலு பாகத்தில் எழுதியதை அவர் வண்ணக் கல்லிலும் பதித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

திருத்தந்தை ஏட்ரியனின் நிலைமை தர்மசங்கடம். நைசியாவுக்குத் தூதர் அனுப்பியவர் அவர். பிராங்குகளின் கண்டனங்கள் அங்கில்பர்ட் என்ற தூதர் வழியாக அவரிடம் வந்தபோது, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதி நைசியாவைக் காத்தார். தன்னைப் பாதுகாக்கும் அரசரோடும் பகைக்கவில்லை. அவர் பதிலுக்குப் பிறகு தெயோதுல்ஃபின் பெருநூல் உலகுக்கு அனுப்பப்படாமலே நின்றுபோயிற்று. பிராங்பர்ட்டில் அந்த ஒரு சிறு விதி மட்டும் தங்கியது.

கிழக்கில் 815இல் படங்களுக்கு மறுபடி தடை வந்தது. 824இல் பேரரசர் இரண்டாம் மைக்கேல், சார்லமேனின் மகன் லூயிக்கு ஒரு கடிதம் எழுதினார். படங்களின் பெயரால் நடப்பவற்றை அதில் பட்டியலிட்டார். படத்தைத் துணியில் சுற்றி ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நிறுத்துகிறார்கள்; சில குருக்கள் படத்தின் வண்ணத்தைச் சுரண்டித் திருவிருந்தில் கலக்கிறார்கள்; வேறு சிலர் படப்பலகையையே பீடமாக வைத்துத் திருப்பலி செய்கிறார்கள். இவை எல்லாம் மிகைதானோ என்று தோன்றும். ஆனால் முதலாவதற்கு எதிர்த்தரப்பின் சாட்சியே இருக்கிறது. படங்களுக்காகச் சிறை சென்ற துறவி ஸ்தூதியோன் தியோடோர், ஜான் என்ற அரண்மனை அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. அந்த அதிகாரி தன் பிள்ளைக்குப் புனித தெமேத்ரியுஸின் படத்தை ஞானத்தந்தையாக வைத்தார். தியோடோர் அதைப் பழிக்கவில்லை, வியந்து வாழ்த்துகிறார். கிறிஸ்து நேரில் வராமல் சொல் மட்டும் வந்தால் போதும் என்று நம்பிய நூற்றுவர் தலைவனின் விசுவாசத்தோடு அதை ஒப்பிடுகிறார்.

அரண்மனை அதிகாரி ஒருவர், தொட்டிலில் ஒரு குழந்தை, கையில் ஒரு மரப்பலகை. மைக்கேலுக்கு அது விக்கிரக ஆராதனை. தியோடோருக்கு அது நற்செய்தியில் வரும் விசுவாசம். அந்த அதிகாரி தவறே செய்தார் என்று வைத்துக்கொண்டாலும், அவர் செய்ததைப் பொன் கன்றுக்குட்டியோடு சேர்க்க எனக்குக் கை வரவில்லை. கன்றுக்குட்டியைக் கேட்டவர்கள் காத்திருக்க மனமில்லாமல் கேட்டவர்கள். தங்கள் கைக்கு அடங்கிய ஒரு தெய்வம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. இவரோ ஒரு புனிதரிடம் தன் பிள்ளையை ஒப்படைத்தார்.

இதற்கு நேர் எதிர்முனையில் தூரின் நகரின் ஆயர் குளோடியுஸ் நின்றார். அவரும் ஸ்பெயின்காரர். பதவிக்கு வந்ததும் கோயில்களில் நிறைந்திருந்த படங்களைத் தன் கையாலேயே அழித்தார், சிலுவைகளையும் விடவில்லை. விக்கிரகங்களை விட்டுவிட்டோம் என்கிறவர்கள் விக்கிரகங்களின் பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்றார். கிறிஸ்து சில மணி நேரம் தொங்கியதால் சிலுவையை ஆராதிப்பதென்றால், அவர் கிடந்த தீவனத்தொட்டியையும் ஏறிய கழுதையையும் படகையும் ஆராதியுங்கள் என்றார். நடுவழிக்காரர்களான பிராங்குகளுக்கே இது பொறுக்கவில்லை. டுங்கல் என்ற அயர்லாந்துத் துறவியும், தெயோதுல்ஃபுக்குப் பின் ஓர்லெயான் ஆயரான யோனாவும் அவரை மறுத்து நூல் எழுதினார்கள். கிழக்கில் 843 மார்ச் 11ஆம் நாள், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, பேரரசி தியோடோராவின் காலத்தில் படங்கள் நிலையாகத் திரும்பின. அந்த ஞாயிற்றை மரபுவழிச் சபைகள் இன்றும் கொண்டாடுகின்றன.

873இல் ரோமில் அனஸ்தாசியுஸ் என்ற நூலகர் நைசியாவின் நடவடிக்கைகளைப் புதிதாகப் பெயர்த்தார். பழைய பெயர்ப்பு சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டது, அதை யாரும் வாசித்துப் புரிந்துகொள்ள முடியாது என்று குறை சொன்னார். பிழை வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் விஷயம் அதோடு முடியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், கிறிஸ்துவின் படத்தைப் படமாகக் கருதி வணங்கும்போது மனம் கிறிஸ்துவிடமே போகிறது, ஆகவே கிறிஸ்துவுக்குரிய அதே லத்ரேயா அந்தப் படத்துக்கும் உரியது என்று கற்பித்தார். நைசியா மறுத்த சொல் மேற்கின் மிகப் பெரிய இறையியலாளரின் எழுத்தில் வந்து நின்றது. அவர் அதைச் சொன்ன பொருள் வேறு, வாதம் நுட்பமானது. ஆனால் தெயோதுல்ஃபு அதைப் படித்திருந்தால் நூலுக்கு ஐந்தாம் பாகம் எழுதியிருப்பார்.

எழுதிய நாலு பாகம் எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சேறாமல் கிடந்தது. 1549இல் பாரிசில் ழான் டு டியே என்ற கத்தோலிக்கர், பின்னாளில் ஆயராகப் போகிறவர், தன் பெயரை மறைத்து அதை அச்சிட்டார். சரியான நேரம் அது; ஐரோப்பாவின் பாதி ஊர்களில் சுரூபங்கள் தெருவில் உடைந்து கிடந்தன. ஜெனீவாவில் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் அந்த நூலைக் கையில் எடுத்தார். அடுத்த ஆண்டு வந்த தன் பெருநூலின் பதிப்பில், நைசியாவின் ஆயர்கள் பேசியதற்குச் சான்றாக அதையே பயன்படுத்தினார். சைப்ரஸ் தீவின் கான்ஸ்டன்டைனும் அங்கே வருகிறார். திரித்துவத்துக்குரிய அதே மரியாதையைப் படங்களுக்கும் செய்வேன் என்று அறிவித்த ஆயராக வருகிறார். அவர் சொன்ன ‘மட்டும்’ அந்தப் பக்கத்திலும் இல்லை.